தம்பி மெதுவாகப் பேசட்டும், ஆனால் அவரே பேசட்டும்

கேள்வி: நாங்கள் மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். தம்பிக்கு 23 வயது. பிறவியிலேயே பெருமூளை வாதம். வலது கை மடங்கியிருக்கும், நடை சாயும், பேச்சு மெதுவாகவும் குழறலாகவும் வரும். படிப்பில் கெட்டிக்காரர். ஏ.எல். வர்த்தகப் பிரிவில் சித்தியடைந்து கம்பியூட்டர் கோர்ஸும் முடித்திருக்கிறார். போன மாதம் கொழும்புக் கம்பனி ஒன்று, வீட்டிலிருந்தே செய்யும் டேட்டா என்ட்ரி வேலைக்கு ஸூமில் நேர்முகப் பரீட்சை வைத்தது. தம்பி வாயைத் திறந்ததும் அவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். பக்கத்தில் இருந்த நான் பயந்துபோய் நானே பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். மழை வேறு. பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள், அப்புறம் கூப்பிடவேயில்லை. இப்போது வேறொரு கம்பனியிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. இன்னும் மூன்று கிழமை இருக்கிறது, பகல் 2 மணிக்கு. வெளிநாடுகளில் கம்பியூட்டரே நேர்முகம் நடத்திப் பயிற்சி கொடுக்கிறதாமே, அது எங்களுக்குக் கிடைக்குமா? தம்பியின் குறைபாட்டை முதலிலேயே சொல்ல வேண்டுமா? இந்த முறையும் நான் பக்கத்தில் இருக்கலாமா? தோட்டத்தில் யாருக்கு ஒன்லைனில் ஃபோர்ம் நிரப்ப வேண்டுமென்றாலும் தம்பியிடம்தான் வருவார்கள், கோயில் திருவிழாக் கணக்கும் அவர்தான் பார்க்கிறார். ஆனாலும் சும்மா இருக்கிற பையன் என்றுதான் சனம் பேசுகிறது. (பெயர் வேண்டாம்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், மற்றதெல்லாம் அதில்தான் தங்கியிருக்கிறது. பக்கத்தில் இருக்க வேண்டாம். கெமராவில் உங்கள் தோள்கூடத் தெரியக் கூடாது. அன்றைக்கு நீங்கள் பதில் சொன்னது பாசத்தில்தான். தம்பி திணறும்போது பார்த்துக்கொண்டிருக்க எந்த அக்காவாலும் முடியாது. ஆனால் நீங்கள் பேச ஆரம்பித்த நொடியில் அந்தப் பக்கம் இருந்தவர்களின் பார்வை உங்களிடம் திரும்பியிருக்கும். இந்த வேலையை இவர் தனியாகச் செய்வாரா, அக்காதான் செய்துகொடுப்பாரா என்ற கேள்வி அவர்கள் மனதில் வந்திருக்கும். வீட்டிலிருந்து செய்யும் வேலைக்கு ஆள் எடுக்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய சந்தேகம் வேறு இல்லை.

அந்த முகச் சுளிப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதை வெறுப்பு என்று எடுத்திருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் தகரத்தில் மழை கொட்டுகிறது, சிக்னல் விட்டுவிட்டு வருகிறது, முன்பின் கேட்டிராத ஒரு பேச்சு. காதைக் கூர்மையாக்கிக் கேட்க முயல்கிறவரின் முகமும் அப்படித்தான் சுருங்கும். அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. அதைச் சொல்லிக்கொடுக்கக் கூடிய ஒரே ஆள் தம்பிதான். நேர்முகத்தின் முதல் அரை நிமிடத்திலேயே சொல்லிவிட வேண்டும். இந்த மூன்று கிழமையில் வேறு எதற்கும் நேரம் கிடைக்காவிட்டாலும் இந்த ஒன்றைப் பழகிக்கொள்ளட்டும்.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "வணக்கம். என் பேச்சு கொஞ்சம் மெதுவாக வரும். விளங்காவிட்டால் திரும்பக் கேளுங்கள், சொல்வேன். தேவையென்றால் சாட்டில் எழுதிக் காட்டுவேன்." நோயின் பெயர் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். "மன்னிக்க வேண்டும், எனக்குப் பேச்சு சரியில்லை" என்று ஆரம்பிக்கிற பிள்ளைகள் நிறையப் பேர். அப்படி ஆரம்பித்தால் கேட்கிறவருக்குப் பரிதாபம் வரும், வேலை கொடுக்கும் எண்ணம் வராது. கொழும்புக் கம்பனி என்பதால் சிங்களத்திலும் தயாராக இருக்கட்டும்: "மகே கதாவ டிகக் ஹெமின். தேருணே நெத்னம் ஆயெத் அஹன்ன." இந்த இரண்டு வரியும் ஆங்கிலத்தில் அதே போல இரண்டு வரியும் யோசிக்காமல் வாயில் வரும் அளவுக்குப் பழக வேண்டும்.

அந்த மென்பொருள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். அமெரிக்காவில் மெத்யூ ஸ்மித் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும், முதலில் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்திலும் பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும், இதைப் பல வருடங்களாக ஆராய்ந்து வருகிறார்கள். திரையில் ஒரு பெண் முகாமையாளர் தோன்றிக் கேள்வி கேட்பார். திரையில் வரும் பதில்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வாயால் சொல்ல வேண்டும். முதலில் அந்தப் பெண் அன்பாக இருப்பார், அடுத்த கட்டத்தில் காரியத்தில் கண்ணாக இருப்பார், கடைசியில் கடுமையாகிவிடுவார். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நூற்றுக்கு எத்தனை புள்ளி, எந்தப் பதில் ஏன் சரியில்லை என்றெல்லாம் சொல்லும். பாடசாலை முடிக்கும் வயதில் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கென்று மாற்றியமைத்த வடிவத்தைப் பற்றிய ஆய்வு 2021 இல் வந்தது. பயிற்சி செய்த பிள்ளைகள் செய்யாதவர்களைவிட நன்றாக நேர்முகம் செய்தார்கள், பதற்றமும் குறைந்தது, ஆறு மாதத்துக்குள் வேலை கிடைத்தவர்களும் அவர்களில்தான் அதிகம்.

ஆனால் அது ஆங்கிலத்தில், அங்குள்ள வேலைப் பழக்கத்துக்காகச் செய்தது. தம்பிக்காக அதைத் தேடி அலைய வேண்டாம். அந்தப் பயிற்சியில் வேலை செய்வது எது என்று பாருங்கள். தோற்றாலும் ஒன்றும் இழக்காத இடத்தில் பல முறை செய்வது, கஷ்டத்தைப் படிப்படியாகக் கூட்டுவது, முடிந்த கையோடு என்ன சரி, என்ன பிழை என்று தெரிந்துகொள்வது. இந்த மூன்றையும் ஒரு போனும் வட்ஸ்அப் வீடியோவும் வைத்து மஸ்கெலியாவிலேயே செய்யலாம்.

போனில் கிடைக்கும் சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற செயற்கை நுண்ணறிவுச் செயலிகளையும் கேள்வி தயாரிக்கப் பயன்படுத்தலாம். வேலை விளம்பரத்தை அப்படியே அதில் போட்டு, "நீ முகாமையாளராக இருந்து கேள்வி கேள்" என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதினால் கேட்கும். தம்பி பதிலைத் தட்டச்சு செய்யட்டும். குரலில் பேசிப் பார்க்கும்போது மட்டும் கவனம். குழறிய பேச்சை இந்தக் கருவிகள் பெரும்பாலும் தப்பாகத்தான் பிடிக்கும், ஏனென்றால் அவை பழகியது வேறு விதமான பேச்சில். "மிஷினுக்கே நான் பேசுறது விளங்கல" என்று தம்பி மனம் உடைந்துவிடக் கூடாது. அது கருவியின் குறை. வாயால் பேசும் பயிற்சி மனிதர்களோடுதான்.

யாரோடு? வீட்டார் வேண்டாம். உங்களுக்கும் அம்மாவுக்கும் தம்பியின் பேச்சு பிறந்ததிலிருந்து பழக்கம். அவர் பாதி சொல்லும்போதே மீதி உங்களுக்கு விளங்கிவிடும். அது பயிற்சி ஆகாது. அவர் பேச்சைக் கேட்டே இராத ஆள் வேண்டும். உங்கள் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் இருப்பார்கள் இல்லையா, அவர்களோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் நண்பர்களைக் கேளுங்கள். சிங்களமும் நன்றாக வரும். கம்பியூட்டர் கோர்ஸ் படிப்பித்த ஆசிரியரிடம் கேளுங்கள், அவருக்குத் தெரிந்த இன்னொரு ஆசிரியர் இருப்பார். மூன்று பேர் கிடைத்தால் போதும்.

முதல் கிழமை, நல்ல மனதோடு கேட்கிற ஒருவர். இரண்டாம் கிழமை, நேரத்தைப் பார்த்துக்கொண்டு அடுத்தடுத்துக் கேட்கிறவர். மூன்றாம் கிழமை கடுமையான ஆள்: இடையில் மறிக்க வேண்டும், விளங்காத மாதிரி இருக்க வேண்டும், வேறு பக்கம் பார்க்க வேண்டும், ஒரு தடவை இணைப்பையே துண்டித்துவிட வேண்டும். இதைத் தம்பிக்கு முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். திடீரென்று செய்தால் அது கொடுமை.

ஒவ்வொரு முறையும் முடிந்ததும் கேட்டவர் மூன்றே விஷயம் சொல்லட்டும். எது நன்றாக விளங்கியது, எந்த இடத்தில் விளங்கவில்லை, அடுத்த முறை மாற்ற வேண்டியது எது. நான்காவது விஷயம் வேண்டாம். போனில் பதிவுசெய்து பார்ப்பது பயன்தான், ஆனால் தம்பி சம்மதித்தால் மட்டும். தன் குரலைத் தானே கேட்பது பல பிள்ளைகளுக்குப் பெரிய வேதனை. பார்த்தாலும் ஒரு தடவை பார்த்துவிட்டு அழித்துவிடட்டும். அந்த வீடியோ குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கெல்லாம் போகக் கூடாது.

இனி பேச்சைப் பற்றி. பெருமூளை வாதத்தில் பேச்சு குழறுவதற்குக் காரணம் நாக்கு, உதடு, மூச்சு ஆகியவற்றை இயக்கும் தசைகள் ஒத்துழைக்காததுதான். பதற்றம் வந்தால் தசை இறுகும், களைப்பு வந்தால் தளரும், இரண்டிலும் பேச்சு மோசமாகும். அதனால் நேர்முகத்துக்கு முதல் நாள் பயிற்சி வேண்டாம், ஓய்வு எடுக்கட்டும். பேசும்போது ஒரு மூச்சுக்கு ஒரு சிறு வசனம். முக்கியமான சொல் முதலில் வரட்டும். "நான் அந்தக் கோர்ஸில் படித்தது வந்து எக்செல்" என்பதற்குப் பதிலாக, "எக்செல். நன்றாகத் தெரியும். கோர்ஸில் படித்தேன்." தலைச்சொல் விளங்கிவிட்டால் மீதி குழறினாலும் கேட்கிறவர் பிடித்துக்கொள்வார். அப்புறம், யாராவது "விளங்கவில்லை" என்றால் அதே வசனத்தைச் சத்தமாகத் திரும்பச் சொல்லும் பழக்கம் எல்லோருக்கும் வரும். அது உதவாது. வேறு சொல் போட்டுச் சொல்ல வேண்டும், அல்லது அந்த ஒரு சொல்லைச் சாட்டில் தட்ட வேண்டும். இதையும் பயிற்சியில் வேண்டுமென்றே செய்து பாருங்கள்.

பதில்களை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். ஒரு சொல் தவறினால் முழுதும் போய்விடும். தாளில் நாலைந்து விஷயங்களை மட்டும் பெரிதாக எழுதி, போனுக்குப் பின்னால் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

அந்த விஷயங்கள் எவை? உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன, நீங்கள்தான் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். தோட்டத்துச் சனத்துக்கு ஒன்லைன் ஃபோர்ம் நிரப்புவதும் கோயில் கணக்கை எழுதுவதும் டேட்டா என்ட்ரிதான். "படிப்பு முடித்துவிட்டு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலான பிள்ளைகள் தலையைக் குனிந்து "சும்மாதான் இருந்தேன்" என்பார்கள். தம்பி இப்படிச் சொல்லட்டும்: "திருவிழாக் கணக்கு. எக்செல்லில் செய்தேன். வரவு, செலவு, பற்றுச்சீட்டு, எல்லாம். கமிட்டி பார்த்து ஏற்றுக்கொண்டது. தோட்டத்தில் பலருக்கு ஒன்லைன் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறேன். அடையாள அட்டை இலக்கத்தில் ஒரு இலக்கம் பிழைத்தாலும் விண்ணப்பம் திரும்பி வரும். அதனால் இரண்டு தடவை சரிபார்ப்பேன்." இவ்வளவும் உண்மையாக இருந்தால் மட்டும் சொல்ல வேண்டும், தம்பியோடு உட்கார்ந்து பேசித் திருத்திக்கொள்ளுங்கள். கணக்குத் தாளின் ஒரு பக்கத்தை, பெயர்களை மறைத்துவிட்டு, திரையில் காட்டத் தயாராக வைத்திருந்தால் இன்னும் நல்லது. வாயால் பத்து நிமிடம் விளக்குவதை அது ஒரு நொடியில் காட்டும்.

இன்னொரு கேள்வி நிச்சயம் வரும். நேராகக் கேட்பார்கள், அல்லது கையைப் பார்த்துவிட்டுச் சுற்றி வளைத்துக் கேட்பார்கள்: ஒரு கையால் வேகமாக டைப் செய்ய முடியுமா? இதற்கு "முடியும், முடியும்" என்பது பதில் இல்லை. இன்றே அளந்து பாருங்கள், நிமிடத்துக்கு எத்தனை சொல், அதில் எத்தனை பிழை. உண்மையான எண்ணைச் சொல்லட்டும். எண் சின்னதாக இருந்தாலும் பிழை குறைவு என்றால் அதையும் சேர்த்துச் சொல்லட்டும். விண்டோஸில் ஸ்டிக்கி கீஸ் என்று ஒரு வசதி இருக்கிறது. ஷிஃப்ட் விசையை ஐந்து முறை அழுத்தினால் வரும். அப்புறம் இரண்டு விசைகளை ஒன்றாக அழுத்த வேண்டிய இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினால் போதும். இதைத் தம்பி இன்னும் பாவிக்கவில்லை என்றால் இன்றே ஆரம்பிக்கட்டும், நேர்முகத்திலும் சொல்லட்டும். தன் வேலையைத் தனக்கேற்றபடி அமைத்துக்கொள்ளத் தெரிந்தவர் என்று அவர்களுக்குத் தெரியும்.

இடம். இது சின்ன விஷயம் இல்லை. லயத்துக் காம்பரா எவ்வளவு இருட்டு என்று எனக்குத் தெரியும். உள்ளே உட்கார்ந்து வாசல் பக்கம் முதுகைக் காட்டினால் திரையில் தம்பி கறுப்பு நிழலாகத்தான் தெரிவார். குழறலான பேச்சைப் புரிந்துகொள்ள கேட்கிறவருக்கு உதட்டசைவு பெரிய உதவி. ஆகவே வாசலைப் பார்த்து உட்கார வேண்டும், வெளிச்சம் வாயில் விழ வேண்டும், போன் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். கையில் பிடிக்காமல் ஏதாவது ஒன்றில் சாய்த்து வையுங்கள். மைக் உள்ள இயர்போன் கட்டாயம். இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) அன்றைக்கு யாரும் இருக்கக் கூடாது. அடுத்த வீட்டு டிவியைக் குறைக்கச் சொல்லி முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள், சொன்னால் கேட்பார்கள்.

நீங்கள் எழுதிய மழைதான் எனக்குக் கவலை. மஸ்கெலியாவில் பிற்பகலில் மழை பிடிப்பது புதிதல்ல, தகரக் கூரையின் கீழ் நல்ல குரலே கேட்காது. நேரத்தைக் காலைக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். காலையில் தம்பியின் குரலும் களைத்திருக்காது. வீட்டில் சிக்னல் மோசமென்றால் தோட்டத்தில் யாருக்குத் தெரியாது, எந்த மேட்டில் எந்த சிம் வேலை செய்யும் என்று? அங்கே கூரையுள்ள இடம் ஏதும் உண்டா பாருங்கள். பாடசாலைக் கம்பியூட்டர் அறையோ, டவுனில் நெனசல கம்பியூட்டர் நிலையமோ, தம்பி படித்த பயிற்சி நிலையமோ கிடைத்தால் இன்னும் நல்லது. எங்கே நடக்கப்போகிறதோ அங்கேயே, அதே போனில், அதே நேரத்தில் ஒரு முறையாவது பயிற்சி செய்ய வேண்டும். இணைப்பு இழுத்தால் வணக்கம் சொல்லி முதல் பதிலைச் சொல்லும் வரை வீடியோ இருக்கட்டும், பிறகு அனுமதி கேட்டு நிறுத்திவிட்டுக் குரலைக் காப்பாற்றிக்கொள்ளலாம். முற்றாக அறுந்தால் அழைக்க ஒரு இலக்கத்தை முன்பே வாங்கி வையுங்கள்.

குறைபாட்டைச் சொல்வதா வேண்டாமா? பேச்சு முதல் வார்த்தையிலேயே தெரியப்போகிறது, ஆகவே மறைப்பதில் பலன் இல்லை. நேரத்தை உறுதிப்படுத்தும் ஈமெயிலிலேயே தம்பி எழுதட்டும், உங்கள் பெயரில் அல்ல, அவர் பெயரில்: "எனக்குப் பேச்சில் குறைபாடு உண்டு, கேட்பதிலும் எழுதுவதிலும் இல்லை. நேர்முகத்துக்குப் பத்து நிமிடம் கூடுதலாகவும், தேவையான இடத்தில் சாட்டில் பதில் எழுத அனுமதியும் தந்தால் உதவியாக இருக்கும். எங்கள் பகுதியில் பிற்பகலில் மழைச் சத்தம் அதிகம், காலை நேரம் ஒன்று தர முடியுமா?" இவ்வளவு போதும். மருத்துவ அறிக்கை எதுவும் இணைக்க வேண்டாம்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்க, வலது குறைந்தோரின் (அதாவது குறைபாடு உள்ளவர்களின்) உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் 23 ஆம் பிரிவு, ஆட்சேர்ப்பில் குறைபாட்டைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்கிறது. குறைபாடு உள்ளவர்களின் உரிமைகள் பற்றி இலங்கை 2016 இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. சமவாயமும் வேலையிடத்தில் நியாயமான வசதி செய்துகொடுக்கச் சொல்கிறது. ஆகவே கூடுதல் நேரம் கேட்பது சலுகை கேட்பது அல்ல. ஆனால் நேர்முகத்தில் சட்டத்தை எடுத்து நீட்ட வேண்டாம், அங்கே வேலையைப் பற்றிப் பேசினால் போதும். குறைபாடு உள்ளவர்களுக்கு வேலையில் உண்டு என்று பலரும் கேட்கும் 3 சதவீத ஒதுக்கீடு, 1988 ஆம் ஆண்டின் 27/88 அரச நிர்வாகச் சுற்றறிக்கையில் வந்தது. அது அரச சேவைக்கும் அரச கூட்டுத்தாபனங்களுக்கும் உரியது, தகைமை உள்ளவர்களுக்கானது. இந்தக் கம்பனிக்குப் பொருந்தாது. அரச வேலைக்கும் தம்பி விண்ணப்பிக்க நினைத்தால் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தித்துப் பதிந்து வையுங்கள்.

இதை வாசிக்கும் மற்றக் குடும்பங்களுக்காகச் சுருக்கமாக: கேட்கும் திறன் குறைந்த பிள்ளைகள், கேள்வி கேட்பவரின் முகம் வெளிச்சத்தில் தெரிய வேண்டும், முக்கிய கேள்விகளைச் சாட்டிலும் எழுத வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம். கூகிளின் லைவ் ட்ரான்ஸ்க்ரைப் செயலி தமிழையும் எழுத்தாக்கும், இன்னொரு போனில் திறந்து வைக்கலாம். பார்வை இல்லாதவர்கள், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் டோக்பேக்கின் ஒலி மறுபக்கம் கேட்காதபடி இயர்போனில் வைத்து, முகம் கெமராவின் நடுவில் வருகிறதா என்று யாரையாவது முன்பே பார்க்கச் சொல்ல வேண்டும். ஓட்டிசம் உள்ளவர்களுக்கும் மெதுவாகக் கற்கும் பிள்ளைகளுக்கும் கேள்விகளை முன்கூட்டியே தரச் சொல்லுங்கள். நேர்முகத்துக்குப் பதிலாக ஒரு நாள் வேலை செய்து காட்ட அனுமதிப்பார்களா என்றும் கேளுங்கள். வாயால் சொல்வதைவிடக் கையால் செய்து காட்டுவது அவர்களில் பலருக்கு நன்றாக வரும்.

சகோதரி, நேர்முக நாளன்று உங்களுக்கும் வேலை இருக்கிறது. போனில் சார்ஜ், டேட்டா, ரீலோட், பவர் பேங்க், குடிக்க இளஞ்சூட்டுத் தண்ணீர், எல்லாம் பார்த்துவிட்டு வெளியே போய் யாரையும் உள்ளே விடாமல் நில்லுங்கள். உள்ளே தம்பி திணறுவது கேட்கும். போகாதீர்கள். நீண்ட மௌனம் வந்தால் அவர் மூச்சு எடுக்கிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். முடிந்து வந்ததும் "என்ன கேட்டாங்க, என்ன சொன்ன" என்று விசாரிக்க வேண்டாம், அவராகச் சொல்லும்போது கேளுங்கள். இரண்டு கிழமையில் பதில் வராவிட்டால் முடிவையும் காரணத்தையும் கேட்டு அவரே ஒரு ஈமெயில் அனுப்பட்டும். காரணம் கிடைத்தால் அடுத்த பயிற்சிக்கு அது பயன்படும்.

ஆனால் இவ்வளவுக்கும் முன்னால், இந்தப் பதிலைத் தம்பியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். எதைச் செய்வது, எதை விடுவது என்று அவர் தீர்மானிக்கட்டும். காலை நேரம் கேட்கும் அந்த ஈமெயில் மட்டும் தாமதிக்கக் கூடாது, நாட்கள் நெருங்கிவிட்டால் நேரம் மாற்றித் தரமாட்டார்கள்.